முதலில் வந்தோரும் முன்னுரிமையும்: பிளாட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கொக்குகளின் இளவேனில் வலசை

தோற்றுவாய்

நம் இலக்கிய வட்டம் தொடங்கப்பெற்ற காலத்தில், திங்கட்கூட்டம் ஒன்றில் தூது இலக்கியம் குறித்து உரையாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வறுமையும் குளிரும் வாட்ட வேற்றூரில் ஒடுங்கியிருந்த சத்திமுற்றப் புலவர், வடதிசை நோக்கிப் பறக்கும் நாரையை விளித்துத் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பிய தனிப்பாடலை அன்று விரித்துரைத்தேன். உரை முடிந்ததும், பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். "பாட்டின் நயமெல்லாம் சொன்னீர்கள் அம்மா. அந்த நாரை எந்த வழியாக வந்தது, எந்த வழியாகத் திரும்பும், நடுவில் எங்கே இறங்கித் தண்ணீர் குடிக்கும் என்பதைச் சொல்லவில்லையே" என்றார். அவை நகைத்தது, நானும் நகைத்தேன். ஆனால் விடை என்னிடம் இல்லை.

அவ்வினா என்னை நெடுநாள் விடவில்லை. புலவர்கள் பறவையின் புறப்பாட்டைப் பாடினர்; சேருமிடத்தையும் பாடினர்; இடைவழியைப் பெரும்பாலும் பாடவில்லை. வலசை செல்லும் பறவைக்கோ உயிர்நிலை இடைவழியில்தான் உள்ளது. இதனைத் தேடிப் படிக்கப் புகுந்தபோது, இடைவழித் தங்கல் ஒன்றின் வரலாறு முழுமையாக எழுதப்பட்டிருக்கும் இடமாக எனக்குக் கிடைத்தது வட அமெரிக்காவின் பிளாட் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அவ்வாற்றங்கரையில் நான் நின்றதில்லை. நூல்களின் வழியாகவே அதனை அறிவேன். ஆயினும் அங்கு நிகழ்ந்தவை பறவை நூலார்க்கு மட்டும் உரியன அல்ல. ஓர் ஆற்றின் நீரில் யாருக்கு முதல் உரிமை என்னும் வழக்கு அப்பறவைகளின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பறவையும் பெயரும்

முதற்கண் பெயர் குறித்து ஒரு விளக்கம் தேவை. நாம் கொக்கு என வழங்குவது வயலிலும் வாய்க்காலிலும் நிற்கும் வெண்ணிறப் பறவையை. அது பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கொள்ளும். செங்கால் நாரை கழுத்தை நீட்டிப் பறப்பினும் அதற்குக் குரல் இல்லை என்றே சொல்லலாம். அலகுகளைத் தட்டியே ஒலியெழுப்பும். இங்குப் பேசப்படும் பறவை இவ்விரண்டினும் வேறானது. கழுத்தை நீட்டிப் பறப்பது. நெடுந்தொலைவு கேட்கும் பெருங்குரல் உடையது. மரத்தில் கூடு கட்டாமல் சதுப்பு நிலத்தில் தரையிலேயே முட்டையிடுவது. வடநாட்டார் சாரசம் எனப் போற்றும் பறவை இக்குடும்பத்தைச் சார்ந்தது. உலகில் இக்குடும்பத்து இனங்கள் 15. தமிழகத்தில் இவற்றுள் எதுவும் நிலையாக வாழ்வதில்லை. அதனால் மக்கள் வழக்கில் தனிப்பெயரும் இல்லை. பறவை பற்றி எழுதுவோர் 'கொக்கு' என்னும் சொல்லையே இவற்றுக்கும் நீட்டி வழங்குவர். அவ்வழக்கையே நானும் பின்பற்றுகிறேன்.

பிளாட் ஆற்றில் தங்குவது மணற்குன்றுக் கொக்கு எனப் பெயர் பெற்ற இனம். சாம்பல் நிற உடலும் சிவந்த நெற்றியும் உடையது. ஏறத்தாழ நான்கடி உயரம். விரித்த சிறகின் அகலம் ஆறடியை ஒட்டியது. இதன் மூச்சுக்குழல் நீண்டு மார்பெலும்பினுள் வளைந்து கிடப்பதால், எக்காளம் போன்ற குரல் எழுகிறது. ஆணும் பெண்ணும் நெடுங்காலம் இணைபிரியாது வாழும். ஆண்டுக்கு இரண்டு முட்டையிடும். பெரும்பாலும் ஒரு குஞ்சே பிழைத்து வளரும். அக்குஞ்சு தன் முதற் பயணத்தைத் தாய் தந்தையரோடு மேற்கொள்ளும்.

இப்பறவையின் தொன்மை குறித்து மிகையான கூற்று ஒன்றும் வழங்குகிறது. நெப்ராஸ்கா மாநிலத்தில் கிடைத்த 90 இலட்சம் ஆண்டுப் பழமையான புதைபடிவம் இவ்வினத்தினது என்பது அக்கூற்று. அப்படிவம் இக்குடும்பத்தின் வேறொரு கிளையைச் சார்ந்தது என்பதும், ஐயத்திற்கிடமின்றி இவ்வினத்தினதாகக் கொள்ளத்தக்க பழைய படிவம் புளோரிடாவில் கிடைத்த 25 இலட்சம் ஆண்டுப் பழமையதே என்பதும் பின்னைய ஆய்வின் முடிவு. தொன்மையை மிகுத்துரைப்பதில் நாமும் பிறர்க்கு இளைத்தவரல்லர். 25 இலட்சம் ஆண்டுகளே மனித இனத்தின் வரலாற்றினும் பன்மடங்கு நெடியவை என்பது போதும்.

தட்டை நீர்

ராக்கி மலைத்தொடரில் கொலராடோ மாநிலத்தில் தோன்றும் இரண்டு கிளையாறுகள், வடபிளாட்டும் தென்பிளாட்டும், நெப்ராஸ்கா சமவெளியில் கூடிப் பிளாட் ஆறாகிக் கிழக்கே ஓடி மிசௌரியில் கலக்கின்றன. வடகிளை வயோமிங் மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது. ஓட்டோ எனும் பழங்குடியினர் இவ்வாற்றைத் தட்டை நீர் என்னும் பொருள்பட அழைத்தனர். நெப்ராஸ்கா என்னும் மாநிலப் பெயர் அச்சொல்லின் திரிபே. பிரெஞ்சு வணிகர் இட்ட பிளாட் என்னும் பெயர்க்கும் தட்டை என்பதே பொருள். அகலமோ ஒரு மைல், ஆழமோ ஓர் அங்குலம் எனக் குடியேறிகள் எள்ளியதுண்டு. மலைப்பனி உருகிவரும் வெள்ளம் ஆண்டுதோறும் மணலைப் புரட்டித் திட்டுகளை அழித்தும் ஆக்கியும் சென்றது; ஆகவே திட்டுகளில் மரம் வேர்கொள்ளவில்லை.

படகுக்கும் உதவாத இந்த அகலமும் ஆழமின்மையுமே கொக்குக்கு வாழ்வு. இரவில் அது மரத்தில் தங்காது. கணுக்காலளவு நீரில் நின்றே உறங்கும். நரியோ, அதனையொத்த வேட்டை விலங்கோ நெருங்கினால் நீர் சலசலத்துக் காட்டிக்கொடுக்கும். சுற்றிலும் மறைப்பின்றி வெளி விரிந்திருத்தல் வேண்டும்.

டெக்சஸ், நியூ மெக்சிகோ மாநிலங்களிலும் மெக்சிகோ நாட்டிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் கொக்குகள் பிப்ரவரி நடுவில் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. அவை சென்று சேருமிடங்கள் கனடா, அலாஸ்கா, கடல் கடந்து சைபீரியா வரை பரந்தவை. தெற்கே அகன்றும் வடக்கே அகன்றும் கிடக்கும் இவ்வழி நடுவில் உடுக்கையின் இடைபோல் ஒடுங்குகிறது. அவ்விடை லெக்சிங்டன், கிராண்ட் ஐலண்டு ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட சுமார் 80 மைல் ஆற்றுப்பகுதி. உலகிலுள்ள மணற்குன்றுக் கொக்குகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு இங்கு வந்து தங்கிச் செல்வதாக மதிப்பிடுவர். அண்மை ஆண்டுகளில் மார்ச்சு மாத உச்ச நாள்களின் வான்வழிக் கணக்கெடுப்பு 7 இலட்சத்தைக் கடந்துள்ளது.

ஒவ்வொரு பறவையும் மூன்று நான்கு வாரங்கள் தங்கும். பகலில் அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய மக்காச்சோளத்தைப் பொறுக்கும். ஈரப் புல்வெளிகளில் புழுவும் நத்தையும் தேடும். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணச் சத்து சோளத்தில் இல்லை. அது புல்வெளியிலேயே கிடைக்கும். தங்கல் முடியுமுன் உடல் எடை ஐந்தில் ஒரு பங்களவு கூடும். வடக்கே அவை சேரும்போது நிலம் பனியில் உறைந்து கிடக்கக்கூடும். அந்நாள்களுக்கும் முட்டையிடுதற்கும் உரிய முதல் இங்கேயே ஈட்டப்படுகிறது. ஏப்ரல் நடுவில் தென்காற்றும் தெளிவானமும் அமையும் நாளொன்றில் அவை வெப்பக்காற்றில் வட்டமிட்டு உயர்ந்து வடக்கே மறைகின்றன.

பள்ளத்தாக்கின் பழங்குடிகள்

இப்பள்ளத்தாக்கில் பாவ்னி மக்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தனர். பிளாட் ஆற்றின் கரையிலும் அதன் துணையாறான லூப் ஆற்றின் கரையிலும் மண்ணால் மூடிய வட்ட வீடுகள் கட்டி ஊரமைத்தனர். பெண்டிர் மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளைவித்தனர். ஆண்டுக்கு இருமுறை ஊரே புறப்பட்டுக் காட்டெருமை வேட்டைக்குச் சென்று மீண்டது. விண்மீன்களைக் கூர்ந்து நோக்கிய இம்மக்கள் இளவேனிலின் முதல் இடிமுழக்கம் கேட்டதும் சடங்காற்றி ஆண்டைத் தொடங்கினர். கொக்குகளின் வலசையும் மக்களின் பருவ வாழ்வும் ஒரே பள்ளத்தாக்கில் அருகருகே நிகழ்ந்தன எனலாம்.

1833, 1848, 1857 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வழியாக இவர்தம் நிலம் அமெரிக்க அரசின் கைக்குப் போயிற்று. இவற்றுள் 1848-ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஈண்டுச் சிறப்பாக நோக்கத்தக்கது. கொக்குகள் தங்கும் ஆற்றுப்பகுதியை ஒட்டிய நெடிய நிலப்பட்டை அவ்வொப்பந்தத்தில் 2,000 டாலர் மதிப்புள்ள பொருள்களுக்கு ஈடாகப் பெறப்பட்டது. நோயும் பகையும் பஞ்சமும் அலைக்கழிக்க, 1870-களின் நடுவில் எஞ்சியோரும் இன்றைய ஓக்லஹோமா மாநிலப் பகுதிக்குப் பெயர்க்கப்பட்டனர். 1900 அளவில் பாவ்னி மக்களின் தொகை ஆயிரத்திற்கும் கீழே வந்துவிட்டது. கூடவே கொண்டுசென்ற சோள விதைகளுட் பல அப்புதிய மண்ணில் சரிவர விளையவில்லை.

சாலையான ஆறு

1841-க்கும் 1866-க்கும் இடையே மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பிளாட் ஆற்றங்கரை வழியே மாட்டு வண்டிகளில் மேற்கே சென்றனர். ஓரிகன் நிலம் நாடியோர், 1847 முதல் யூட்டாவுக்குச் சென்ற மார்மன் சமயத்தார், 1849-இல் கலிபோர்னியப் பொன் தேடி ஓடியோர் ஆகிய அனைவர்க்கும் இதுவே பெருவழி. வழிப்போக்கர் காவலுக்காக 1848-இல் கார்னிக் கோட்டை எழுந்தது.

இங்கு ஒரு செய்தி எண்ணிப் பார்க்கத்தக்கது. வண்டி மாடுகளுக்கு வழியில் புல் வேண்டும். ஆகவே புல் தழைத்த பின்னரே வண்டிகள் மிசௌரிக் கரையிலிருந்து புறப்பட்டன. அவை நடுப்பிளாட் பகுதியை அடையும் மே மாதத்தில் கொக்குகள் போய்விட்டிருக்கும். ஒரே வழித்தங்கலைப் பயன்கொண்ட இரு பெரும் பெயர்வுகள், சில வார இடைவெளியில், பெரும்பாலும் ஒன்றையொன்று காணாமலே நிகழ்ந்திருக்கின்றன. தான் கண்டிராத விருந்தினரின் தங்குமிடத்தை மனிதன் மாற்றத் தொடங்கினான்.

1862-இல் குடியேற்ற நிலச் சட்டம் வந்தது. 1866-இல் யூனியன் பசிபிக் இருப்புப்பாதை இப்பள்ளத்தாக்கைக் கடந்தது. பாதையின் இருபுறமும் உழவர் ஊர்கள் முளைத்தன. புல்வெளி உழப்பட்டது. ஆண்டுதோறும் புல்வெளியை எரித்து மரக்கன்றுகளை அழித்துவந்த காட்டுத் தீ அடக்கப்பட்டது. குடியேறியோர் கொக்கை இறைச்சிக்காகவும் வேட்டையாடினர். நாட்டின் பல பகுதிகளில் இப்பறவை அருகியது.

பங்கிடப்பட்ட நீர்

அமெரிக்க மேற்கு மாநிலங்களின் நீர்ச் சட்டம் நம் நாட்டார்க்குப் புதுமையாகத் தோன்றும். ஆற்றங்கரையில் நிலம் உள்ளவர்க்கு நீர் என்பதன்று அங்குள்ள நெறி. யார் முதலில் நீரைத் திருப்பிப் பயன்கொண்டாரோ அவருக்கே முதல் உரிமை. ஒவ்வோர் உரிமைக்கும் ஒரு நாள் குறிக்கப்படும். நீர் குறையும்போது பின்னாள் உரிமையாளர் தம் மதகை மூடி முன்னாள் உரிமையாளர்க்கு விட வேண்டும். கொலராடோ 1876-இல் தன் அரசியல் சட்டத்திலேயே இந்நெறியை எழுதியது. நெப்ராஸ்கா 1895-இல் இதனை உறுதிசெய்தது.

இந்நெறிப்படி 1909-இல் வடபிளாட்டில் வயோமிங் மாநிலத்துப் பாத்ஃபைண்டர் அணை எழுந்தது. பின்னும் பல அணைகள் தொடர்ந்தன. 1941-இல் நெப்ராஸ்காவில் கிங்ஸ்லி அணை முடிவுற்று மக்கோனாகி என்னும் பெருநீர்த்தேக்கம் உருவாயிற்று. மாநிலங்களுக்கிடையே வழக்கும் எழுந்தது. நெப்ராஸ்கா வயோமிங்கின் மேல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1945-இல் வடபிளாட்டின் நீரைப் பங்கிட்டுத் தீர்ப்பளித்தது. 1986-இல் வழக்கு மீண்டும் திறக்கப்பட்டு 2001-இல் உடன்பாட்டில் முடிந்தது. காவிரியைக் கண்ட நமக்கு இவ்வரலாற்றை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

காலப்போக்கில் ஆற்றின் இயல்பான ஓட்டத்தில் பத்தில் ஏழு பங்களவு நடுப்பிளாட்டை அடையுமுன்பே திருப்பிக்கொள்ளப்பட்டது. வெள்ளம் நின்றது, மணல் புரளவில்லை, திட்டுகளில் வில்லோ, காட்டன்வுட் மரங்கள் வேரூன்றி வளர்ந்தன. 1978-இல் வெளிவந்த நிலவியல் அறிக்கை ஒன்று 1865-ஆம் ஆண்டின் அகலத்தை 1969-ஆம் ஆண்டின் அகலத்தோடு ஒப்பிட்டது. மேற்பகுதிகளில் பத்தில் ஒன்றிரண்டு பங்கே எஞ்சியிருந்தது. கீழே கிராண்ட் ஐலண்டு அருகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எஞ்சியிருந்தது. மேற்பகுதிகளை விட்டுக் கொக்குகள் கிழக்கே நெருங்கின. இன்று அவை 80 மைலுக்குள் இலட்சக்கணக்கில் திரள்வது கண்ணுக்கு விருந்து எனினும், அத்திரட்சிக்கு ஒரு காரணம் வேறிடம் இன்மையே என்பது மறக்கத்தக்கதன்று. திரண்ட கூட்டத்தில் நோய் புகுந்தால் இழப்புப் பெரிதாகும் என்னும் அச்சம் அறிஞர்க்கு உண்டு.

ஆயினும் உழவை ஒரே அடியாகப் பழித்தலும் நேர்மையாகாது. நீர்ப்பாசனத்தால் விளைந்த மக்காச்சோளத்தின் சிந்தலே கொக்கின் இன்றைய முதன்மை உணவு. ஆற்றைச் சுருக்கிய கையே வயலில் உணவையும் இறைத்தது. அறுவடை எந்திரங்கள் செம்மையுற்றபின் சிந்தல் குறைந்துவருவதை 1970-களின் இறுதியிலிருந்து செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டுகின்றன.

முதலில் வந்தோர்க்கு முதல் உரிமை என்பது நெறியாயின், இவ்வாற்றில் முதலில் வந்தோர் யாவர்? கொக்குகள் முதலில் வந்தன. பாவ்னி மக்கள் அடுத்து வந்தனர். சட்டத்தின் பதிவேட்டில் இவ்விருவர்க்கும் நாள் குறிக்கப்படவில்லை. நீரைத் திருப்பி வயலுக்குக் கொண்டுசெல்வதே 'பயன்' எனப்பட்டது; நீரில் வெறுமனே நிற்பது பயனாகக் கருதப்படவில்லை.

வழக்கு மன்றத்தில் கொக்கு

பறவைக்குச் சட்டத்தின் துணை மெல்ல மெல்லவே கிட்டியது. கனடாவின் பொருட்டுப் பிரிட்டனும் அமெரிக்காவும் 1916-இல் வலசைப் பறவை ஒப்பந்தம் செய்தன. 1918-இல் அது சட்டமாயிற்று. கொக்கு வேட்டை தடைபட்டது. 1961 முதல் சில மாநிலங்கள் மீண்டும் வேட்டைக்கு இசைவளித்தபோதும், நெப்ராஸ்கா இன்றுவரை இசையவில்லை.

நீரில் பங்கு கிடைத்தது வேறொரு கொக்கின் வாயிலாக. கூவும் கொக்கு எனப்படும் வெண்ணிறப் பேரினம் 1941-இல் உலகிலேயே இருபத்திரண்டுக்கு மேல் எஞ்சவில்லை. டெக்சஸ் கடற்கரையில் குளிர்காலத்தைக் கழிக்கும் அச்சிறு கூட்டம் வடக்கே எங்குக் கூடு கட்டுகிறது என்பதே 1954-இல்தான் கண்டறியப்பட்டது. கனடாவின் உட் பஃபலோ காட்டுப் பூங்காவே அவ்விடம். இவ்விரண்டுக்கும் இடைவழியில் பிளாட் ஆறு உள்ளது. 1973-இல் அருகிவரும் உயிரினங்கள் சட்டம் நிறைவேறியது. 1978-இல் நடுப்பிளாட் பகுதி கூவும் கொக்கிற்கு இன்றியமையாத வாழிடமென அறிவிக்கப்பட்டது.

அதே காலத்தில் வயோமிங் மாநிலத்தில் பிளாட்டின் துணையாறொன்றில் கிரேராக்ஸ் என்னும் அணை கட்டப்பட்டுவந்தது. நெப்ராஸ்கா மாநிலமும் காட்டுயிர் அமைப்பினரும் வழக்குத் தொடுத்தனர். 1978-இல் உடன்பாடு ஏற்பட்டது. அணை எழுந்தது, ஆனால் அதனைக் கட்டியோர் 75 இலட்சம் டாலர் அளித்து, பிளாட் ஆற்றில் கொக்குகளின் வாழிடம் காக்கும் அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. அதற்கு முன்பே, 1974-இல், ஆடுபன் சங்கம் கார்னி அருகே ரோ காப்பகத்தைத் தொடங்கியிருந்தது. 1990-இல் தென்பிளாட்டில் எழவிருந்த டூ ஃபோர்க்ஸ் அணைக்கு நடுவண் அரசின் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் இசைவு மறுத்தது.

நெப்ராஸ்கா 1984-இல் சட்டம் திருத்தி, நீரை ஆற்றிலேயே ஓடவிடுவதும் ஒரு பயனே என ஏற்றது. அதன்படி நடுப்பிளாட் இயற்கை வள மாவட்டம் மீன், பறவை முதலியவற்றுக்காக ஆற்றோட்ட உரிமை கோரி 1990-களின் தொடக்கத்தில் பெற்றது. கொக்கின் பெயரால் நீருக்கு உரிமை பதிவானது பெரிய வெற்றியே. ஆனால் பதிவேட்டில் அவ்வுரிமைக்குக் குறிக்கப்பட்ட நாள் 1990-ஆம் ஆண்டினது. நெறிப்படி, அதற்கு முன் பதிந்த வாய்க்கால்கள் அனைத்தும் தம் பங்கை எடுத்த பின்னரே இவ்வுரிமைக்கு நீர். பல்லாயிரம் ஆண்டுகளாக இவ்வாற்றில் தங்கும் விருந்தினர் வரிசையின் கடைசியில், நம் வழக்கில் சொல்வதானால் கடைமடையில், நிறுத்தப்பட்டனர். இவ்வரலாற்றைப் படித்தபோது என் நெஞ்சைத் தைத்த இடம் இதுவே.

அதன் பின்னர் நடந்தவை ஓரளவு ஆறுதல் அளிப்பவை. 1998-இல் கிங்ஸ்லி அணைக்குரிய மின்னாக்க உரிமம் புதுப்பிக்கப்பட்டபோது, மக்கோனாகி நீர்த்தேக்கத்தில் காட்டுயிர்க்கென ஒரு தனி நீர்க்கணக்கு தொடங்கப்பட்டது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வந்து சேரும் சேமிக்கத்தக்க நீரில் பத்திலொரு பங்கு அக்கணக்கில் வரவு வைக்கப்படும். வேண்டும்போது அது ஆற்றில் திறக்கப்படும். கொலராடோ, வயோமிங், நெப்ராஸ்கா ஆகிய மூன்று மாநிலங்களும் நடுவண் அரசும் 1997-இல் செய்த உடன்படிக்கையின் வழி, 2007-இல் பிளாட் ஆற்று மீட்புத் திட்டம் செயற்படத் தொடங்கியது. 10,000 ஏக்கர் வாழிடம் காத்தல், ஆற்றோட்டப் பற்றாக்குறையைக் குறைத்தல் ஆகியவை முதற்கட்டக் குறிக்கோள்கள். திட்டம் இப்போது 2032 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. வழக்காடிய மாநிலங்கள் ஒரே மேசையில் அமர்ந்து நீரையும் நிலத்தையும் பணத்தையும் பங்கிட்டு அளிப்பது எளிதில் நிகழ்வதன்று.

இத்திட்டம் கூவும் கொக்கு உள்ளிட்ட நான்கு அரிய உயிர்களுக்காக வகுக்கப்பட்டது. மணற்குன்றுக் கொக்கு அப்பட்டியலில் இல்லை. டெக்சஸ் கடற்கரைக்கு வரும் கூவும் கொக்குகள் இன்று ஏறத்தாழ 550. அந்த ஐந்நூற்றைம்பதின் சட்ட நிழலில் பல இலட்சம் பறவைகள் ஒதுங்குகின்றன.

முன்பு வெள்ளம் செய்த பணியை இன்று மனிதர் செய்கின்றனர். ஆண்டுதோறும் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் எந்திரங்கள் ஆற்றில் இறங்கித் திட்டுகளில் முளைத்த மரங்களையும், 2002-ஆம் ஆண்டை ஒட்டிய வறட்சிக்குப் பின் பெருகிய அயல்நாட்டு நாணலையும் அகற்றி மணலை உழுதுவிடுகின்றன. அவ்வுழவு நிற்குமாயின் சில ஆண்டுகளில் ஆறு காடாகிவிடும்.

வழியைக் கற்பித்தல்

வலசை வழி பறவையின் குருதியிலேயே எழுதப்பட்டது எனப் பலர் எண்ணுவர். சிறு பறவைகள் பலவற்றுக்கு அது பொருந்தும். கொக்குக்கு முற்றும் பொருந்தாது. புறப்படும் உந்துதல் பிறவியிலேயே உண்டு; வழியோ முதியவற்றைப் பின்தொடர்ந்து கற்பது. கூவும் கொக்கின் புதிய கூட்டம் ஒன்றை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உருவாக்க முயன்றபோது இவ்வுண்மை வெளிப்படையாயிற்று. மனிதர் வளர்த்த குஞ்சுகளுக்கு வழிகாட்ட முதியவை இல்லை. ஆகவே 2001 முதல் 2015 வரை, வெண்ணுடையால் தம்மை மறைத்த மனிதர் சிறு இலகு வானூர்தியில் முன்னே பறந்து, விஸ்கான்சினிலிருந்து புளோரிடா வரை குஞ்சுகளை அழைத்துச் சென்றனர். ஒருமுறை வழி கண்டவை அடுத்த இளவேனிலில் தாமே திரும்பின.

இதிலிருந்து பெறப்படுவது ஒன்று. பிளாட் ஆறு ஒரு தலைமுறைக் காலம் வற்றிப்போமாயின் கொக்குகள் ஓரிடத்தை மட்டும் இழப்பதில்லை. முதியவை இளையவற்றுக்குக் காட்டிவந்த பாடத்தின் நடுப்பக்கத்தையும் இழந்துவிடும். வாய்மொழியாய் வந்த பாடல் ஒரு தலைமுறையில் பாடப்படாது விடுபட்டால் நேர்வதை நாட்டார் வழக்காறு பயில்வோர் நன்கறிவர்.

பாவ்னி மக்களின் விதை பற்றிய பின்னிகழ்வும் இங்குச் சொல்லத்தக்கது. ஓக்லஹோமாவில் அவர்கள் பொத்திக் காத்துவந்த பழஞ்சோள விதைகளுட் சில, 2003-ஆம் ஆண்டளவில் தொடங்கிய கூட்டு முயற்சியால், கார்னிப் பகுதியில் மீண்டும் விதைக்கப்பட்டன. பழைய குடியேறிகளின் வழித்தோன்றல்கள் உள்ளிட்ட நெப்ராஸ்கா மக்கள் அவற்றை விளைவித்துப் பாவ்னி மக்களுக்குத் திருப்பி அளிக்கின்றனர். தன் பழைய மண்ணில் அச்சோளம் நன்கு விளைந்தது. பறிக்கப்பட்ட நிலத்திற்கு இது ஈடாகாது. ஆனால் முதலில் இருந்தோரை நினைத்துச் செய்த செயல் என்னும் அளவில் மதிக்கத்தக்கது.

முடிவுரை

இன்று மார்ச்சு மாதம் தோறும் பல்லாயிரவர் பிளாட் ஆற்றங்கரைக்கு வருகின்றனர். விடியலுக்கு முன்பே மரத்தாலான மறைவிடங்களில் புகுந்து, விளக்கேற்றாமல், பேசாமல், கொக்குகள் விழித்தெழுவதைக் காத்திருந்து பார்க்கின்றனர். விருந்தினர் தங்கியிருக்கும் வீட்டில் ஓசைபடாமல் நடக்கும் நம் வீட்டுப் பெண்களின் நினைவே எனக்கு வந்தது.

நம் நாட்டிலும் இவ்வுணர்வு இல்லாமலில்லை. வேடந்தாங்கல் ஊரார் தம் ஏரியில் தங்கும் பறவைகளைச் சுடலாகாதென வேண்டி, 1798-இல் செங்கற்பட்டுப் பகுதியின் ஆட்சியர் லயனல் பிளேசிடம் ஆணை பெற்றனர். 1858-இல் அதனைப் புதுப்பித்துக்கொண்டனர். வலசைப் பறவை ஒப்பந்தத்திற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, ஓர் ஏரிக்கரைச் சிற்றூர் பறவையின் தங்கலுக்கு எழுத்தில் உரிமை பெற்றுத் தந்திருக்கிறது. இத்தகைய ஊர்கள் இன்னும் எத்தனை, எந்த ஏரியில் எந்தத் திங்களில் எப்பறவை இறங்குகிறது, நீர் இல்லாத ஆண்டில் அவை எங்குச் செல்கின்றன என்பவற்றை நாம் முறையாக எழுதிவைக்கவில்லை. பிளாட் ஆற்றில் கொக்கின் பொருட்டு வழக்காட முடிந்ததற்கு ஒரு காரணம், அங்கு ஆற்றின் அகலமும் பறவையின் தொகையும் ஆண்டு வாரியாக அளந்து எழுதப்பட்டிருந்தமையே. எழுதப்படாத உரிமையை மன்றத்தில் காட்ட இயலாது.

அன்று வினவிய பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அவர்க்கு உரிய விடையைப் பத்தாண்டு கழித்து இம்மலரில் எழுதுகிறேன். ஐயா, நீங்கள் வினவிய செங்கால் நாரையின் வழியை இன்னும் என்னால் முழுதும் சொல்ல இயலவில்லை. அதன் தொலைதூர உறவு ஒன்று நடுவழியில் எங்கே இறங்குகிறது என்பதையும், அங்கே அதற்குத் தண்ணீர் இருக்கும்படி எத்தனை பேர் எத்தனை ஆண்டு பாடுபட வேண்டியிருந்தது என்பதையும் மட்டும் அறிந்துகொண்டேன். வரும் பத்தாண்டில், நம் வட்டத்தார் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் ஏரியில் பறவை வந்திறங்கும் நாளையும் திரும்பும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவார்களாயின், உங்கள் வினாவின் மறுபாதிக்கும் விடை கிடைக்கும்.